மரக்காணத்துக் கழிமுகமும் சென்னைத் துறைமுகமும்

பம்பாய்க்குத் துறைமுகத்தை இயற்கையே கட்டித் தந்துவிட்டது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஆழமான வளைகுடா. கப்பல்கள் அச்சமின்றி நங்கூரம் பாய்ச்சி நிற்கலாம். கல்கத்தாவுக்கு ஹூக்ளி நதி உண்டு. கொச்சிக்கு அகன்று பரந்த காயல் உண்டு. விசாகப்பட்டணத்திலோ ஒரு மலையே கடலுக்குள் மூக்கை நீட்டிக் காவல் நிற்கிறது. சென்னைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. வடக்கே பழவேற்காடு முதல் தெற்கே புதுச்சேரி வரையில் தேசப்படத்தில் விரலை ஓட்டிப் பார்க்கும் வாசகர், கரையானது நூல் பிடித்துக் கோடிட்டாற்போல் நேராகப் போவதைக் காண்பார். கப்பல் ஒதுங்க இடமில்லாத அந்தக் கோட்டின்மேல் ஒரு மாநகரம் எழுந்தது. அம்மாநகரத்துக்குக் கல்லைக் கொட்டித் துறைமுகம் செய்தார்கள்.

அந்த நெடுங்கரையில், சென்னைக்குத் தெற்கே, விரிகுடா என்ற பெயரோடு சற்றேனும் உறவு கொண்டாடக் கூடிய நீர்ப்பரப்பு மரக்காணத்துக் கழிமுகம் ஒன்றுதான். அடையாறு, முட்டுக்காடு, பாலாறு முதலிய முகத்துவாரங்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவை வருஷத்தில் பல மாதம் மணலடித்துக் கிடப்பவை. மரக்காணத்திலோ கடல் கரையைத் துளைத்து உள்ளே வந்து, உள்நாட்டிலுள்ள பெரியதோர் ஏரியோடு கை கோத்துக் கொள்கிறது. இந்த நீரை இனி என்ன செய்வது என்பது பற்றிச் சில வருஷங்களாக இரு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. வாயில் கற்சுவர் எழுப்பி மீன்பிடித் துறைமுகம் ஆக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. ஒருவரும் தொடலாகாது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியார் சொல்லுவதையும் நாம் கேட்டோம். நேரில் போயும் பார்த்தோம். நமது அபிப்பிராயத்தைச் சொல்லுமுன் அவ்விடத்தின் அமைப்பை விளக்குவது அவசியமென்று கருதுகிறோம். ஏனெனில் இவ்விஷயத்தில் வாதம் செய்வோரிற் பலர் அவ்விடத்தைக் கண்ணாற் கண்டவரல்லர்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால் கடப்பாக்கம் என்னும் ஊர் வரும். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கற் சுவர்கள் தோன்றும். கோட்டையின் காலடியில் கழியின் நீர். அப்பால் ஒரு மணற்றிட்டு. அதற்கும் அப்பால் வங்கக் கடல். வடகரை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. தென்கரை விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்தது. இதற்கு இடையன்திட்டுக் கழிமுகம் என்று பெயர். தென்மேற்கே குறுகிய உப்போடை ஒன்று மரக்காணம் ஊரை ஒட்டி ஓடி, கழுவெளி என்னும் ஏரியில் போய் முடிகிறது. ஓடையின் இரு மருங்கிலும் கண்ணுக்கு எட்டியவரை உப்பளங்கள்.

கழுவெளியை ஏரி என்பதா, சதுப்பு என்பதா, காயல் என்பதா? தீர்மானிப்பது எளிதன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து அதில் வந்து விழும். அப்பொழுது அது ஒரு நன்னீர்க் கடல். பங்குனி சித்திரையில் அதன் தென்மேற்குப் பாதி வெடித்த களிமண் வெளியாகிவிடும், ஆடுமாடுகள் மேயும். வடகிழக்குப் பாதியிலோ அக்காலத்திலும் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஏரி, ஒரு தலையில் இனிப்பு, மறு தலையில் கரிப்பு. பழங்காலத்தில் கடல் இவ்வளவு தூரம் உள்ளே புகுந்திருந்தது என்றும், பின்னர் அலைகள் கொண்டுவந்து குவித்த மணல் மேடுகளால் அடைபட்டது என்றும் நிலநூலார் கருதுகின்றனர். அப்படியானால் இது பிறவியில் விரிகுடா, வயதில் ஏரி.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நமது கரையில் கடலின் ஏற்றவற்றம் மூன்று நான்கு அடிக்கு மிகாது. பம்பாயில் அது பன்னிரண்டு, பதினைந்து அடி போகும். இவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தைக் கொண்டு ஒரு முகத்துவாரம் மணலை எதிர்த்து எவ்வாறு திறந்திருக்கிறது? உள்ளே நீர் பரவுவதற்கு இடம் இருப்பதால்தான். ஏற்றத்தில் உள்ளே சென்று பரந்து நின்ற நீரெல்லாம் வற்றத்தில் ஒரே வாய் வழியாக வெளியேறுகிறது. அந்த ஓட்டம் வாயில் படிந்த மணலைத் துடைத்துக்கொண்டு போகிறது. மழைக்காலத்து வெள்ளமும் வருஷத்துக்கு ஒரு முறை அதே காரியத்தைப் பெரிய அளவிற் செய்கிறது. உள்ளே நீர் பரவும் இடம் சுருங்கினால் ஓட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் வாய் அடையும். கழியின் வாய்க்குக் கழுவெளியே உயிர். இந்த உண்மையைக் கடற்கரைக் குப்பத்துச் சிறுவனும் அறிவான். நமது பொதுமராமத்து இலாகாக்களின் காகிதங்களில்தான் ஏரி ஒரு கட்டிலும் முகத்துவாரம் வேறொரு கட்டிலும் கிடக்கின்றன.

சென்னை படித்த பாடம்

இனிச் சென்னைக்கு வருவோம். அதன் கதையை அறியாமல் மரக்காணத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே இடம் பெற்றபோது கப்பல்கள் கரைக்கு வெகு தூரம் அப்பால், திறந்த கடலில் நின்றன. இடையே அலைகளின் வரிசை. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் மனிதரும் மூட்டைகளும் கரை சேர்ந்தனர். கவர்னர் முதல் குமாஸ்தா வரை எல்லாரும் நமது படகோட்டிகளின் தோளைப் பிடித்துக்கொண்டே இந்த இராஜதானியில் கால் வைத்தார்கள் என்பது சரித்திரத்தில் ஒரு ருசிகரமான சங்கதி. 1861-இல் இரும்புக் கால்களின்மேல் ஒரு பாலத்தைக் கடலுக்குள் நீட்டினார்கள். அது போதவில்லை. 1875-இல் கல்லைக் கொட்டி இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டும் வேலை ஆரம்பமாயிற்று. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். கட்டியபின் கிழக்கு நோக்கியிருந்த வாயில் மணல் சேர ஆரம்பித்தது. 1904-இல் துறைமுகத்தின் தலைமையை ஏற்ற ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவ்வாயை மூடச் செய்து, வடகிழக்கில் புதிய வாய் திறந்தார். இன்று நாம் காணும் துறைமுகத்தின் பழைய பகுதி அவர் வகுத்த வடிவம்.

மணல் ஏன் சேர்ந்தது? வருஷத்திற் பெரும்பகுதி தெற்கத்தி அலைகள் மணலைக் கரையோடு கரையாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில மாதங்கள் தெற்கே தள்ளுகின்றன. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. வருஷந்தோறும் லக்ஷக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படி யாத்திரை செய்கிறது. அதன் குறுக்கே ஒரு கற்சுவரை நீட்டினால் தென்புறத்தில் மணல் குவியும். வடபுறத்துக் கரைக்கு மணல் வரத்து நிற்கும். ஆனால் அக்கரையிலிருந்து மணலை அள்ளிச் செல்லும் அலைகள் நிற்கமாட்டா. மெரினா என்று உலகம் புகழும் அகன்ற மணல்வெளி பெரும்பாலும் இவ்வாறு துறைமுகக் கல்லில் தடுக்கப்பட்டு வளர்ந்தது. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டி வடக்கே உள்ள குப்பங்கள் இதே காரணத்தால் வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குக் கொடுத்தன. மாலையில் மெரினாவில் உலாவச் செல்லும் கனவான்கள் தங்கள் காலடியில் மிதிபடுவது வடசென்னை மீனவனுக்குச் சேரவேண்டிய மணல் என்பதை ஒருநாளாவது நினைப்பார்களா?

சென்னையிற் படித்த பாடத்தைப் புதுச்சேரியில் மறந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் நீட்டப்பட்டது. ஊருக்கு முன்னிருந்த மணற்கரை மறைந்தது. அதற்குப் பதில் கருங்கற் பாறைகளை அடுக்கினார்கள். அரிப்பு அவ்வளவில் நிற்காமல் வடக்கே ஏறி, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி முதலிய கிராமங்களைத் தின்றது. ஓரிடத்திற் கல் அடுக்கினால் அரிப்பு அதற்கு வடக்கே தொடங்குகிறது; அங்கே அடுக்கினால் இன்னும் வடக்கே. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

பின்வாசல்

துறைமுகம் என்பது கடலைப் பார்த்த வாயில் மட்டுமன்று. நிலத்தைப் பார்த்த வாயிலும் அதற்கு உண்டு. சென்னைக்குத் தெற்கேயுள்ள பின்வாசல் மரக்காணமாக இருந்தது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் ஒருவர் வெட்டிய சிறிய வாய்க்கால், பின்னர் சர்க்கார் கைக்கு மாறி, வடக்கும் தெற்கும் வளர்ந்தது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷத்துப் பஞ்சத்தில், கஞ்சிக்காக வேலைக்கு வந்த ஏழைகளைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் பகுதியை வெட்டினார்கள். எலும்பும் தோலுமாய் மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை; கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழி, கடலை ஒட்டியே, ஆனால் கடலின் கோபம் தீண்டாமல் சென்றது. மணல் மேடுகளுக்கு நடுவே இயற்கையாகக் கிடந்த பள்ளங்களையும் உப்பங்கழிகளையும் கோத்த மாலை அது.

அந்த வழியே மரக்காணத்திலிருந்து உப்பும், கடலோரத் தோப்புகளிலிருந்து சவுக்கு விறகும் பட்டணத்துக்குப் போயின. படகைக் கழியால் தள்ளினார்கள். காற்று இருந்தால் பாய் விரித்தார்கள். இரண்டும் உதவாத இடத்தில் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். சென்னை சென்ட்ரலுக்கு அருகே சால்ட் கோட்டர்ஸ் என்று ஒரு சரக்குக் கொட்டகை உண்டு. உப்புக் கொட்டாரம் என்ற நமது சொல்லே ஆங்கிலேயர் வாயில் அவ்வாறு திரிந்தது. பெயரே சாட்சி.

1960-களுக்குள் புயல்களும் லாரிகளும் கால்வாயின் உயிரைப் போக்கின. பிறகு சென்னை தன் கழிவுநீரை அதில் விட்டது. அதன் பின்னர் பறக்கும் ரயிலுக்குத் தூண்களையும் அதன் மார்பிலேயே நட்டது. இவ்வளவும் செய்தபின் 2008-இல் நமது பார்லிமெண்ட், காக்கிநாடா – புதுச்சேரிக் கால்வாய்களையும் கழுவெளி ஏரியையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழி என்று சட்டம் செய்தது. 2016-இல் நீர்வழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த சட்டத்திலும் கழுவெளியின் பெயர் இருக்கிறது. பெயர் இருக்கிறது, படகுதான் இல்லை.

உப்பு

கால்வாய் கொண்டுபோன சரக்கைப் பற்றிச் சிறிது சொல்லாமல் முடியாது. உப்பைத் தேசத்தார் மறக்கலாகாது. மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

கழியின் நீரையோ கிணற்று உவர்நீரையோ பாத்திகளில் ஏற்றி வெயிலிற் காயவிடுகிறார்கள். கடல்நீரின் செறிவு போமே அளவில் மூன்று பாகை சொச்சம். ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்ற மாற்ற நீர் கெட்டியாகும். முதலிற் சுண்ணாம்புச் சத்துகள் அடியிற் படியும். இருபத்தைந்து பாகைக்கு வந்ததும் உப்பு மணி கட்டும். முப்பதை எட்டுமுன் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் உப்பு கசக்கும். காற்றில் ஈரம் குடித்து உருகும். இந்தக் கணக்கையெல்லாம் மரக்காணத்துத் தொழிலாளி கருவி இன்றி, நீரின் நிறத்தையும் விரலில் ஒட்டும் பிசுக்கையும் கொண்டே சொல்லிவிடுகிறார். பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துப் பலகைபோல் ஆக்குவது தனி வித்தை.

நாம் போனபோது மாசி மாதம். காலை ஒன்பது மணிக்கே வெண்மை கண்ணைக் குத்தியது. பெண்கள் கூடையில் உப்பைச் சுமந்து வரப்பின்மேல் ஓட்டமும் நடையுமாகச் சென்று அம்பாரத்திற் கொட்டினார்கள். காலில் செருப்பு இல்லை. ஒரு மூதாட்டியை நிறுத்தி, மழைக்காலத்தில் ஜீவனம் எப்படி என்று விசாரித்தோம். ஊருக்கெல்லாம் மழை சோறு போடும், தங்களுக்கு மட்டும் வெயில்தான் சோறு போடும் என்று சொல்லி, மறுமொழிக்குக் காத்திராமல் அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டார். ஐப்பசி முதல் மார்கழி வரை அளத்தில் வேலை இல்லை. 2022 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் அம்மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்து வருகிறது. நல்ல காரியம், மூன்று மாதத்தை அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் ஜில்லாவில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து அளங்கள் முழுகிப்போயின.

இதே உப்பை 1805-இல் கம்பெனியார் சென்னை இராஜதானியில் தங்கள் ஏகபோகம் ஆக்கினார்கள். 1923-இல் வைஸ்ராய், சட்டசபை மறுத்தும், தம் அதிகாரத்தைக் கொண்டு மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக்கினார். 1930 ஏப்ரலில் காந்தியடிகள் தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். சென்னையில் பிரகாசமும் நாகேசுவர ராவும் கடல்நீரைக் காய்ச்சினார்கள். 1947-இல் அந்த வரி ஒழிந்தது. உப்பைக் கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்த தேசத்தில், உப்பெடுக்கும் கைகளுக்கு இன்னும் கையுறை கிடைக்கவில்லை.

பழைய துறை

மரக்காணம் உப்புக்கு மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடைய எயிற்பட்டினத்தைச் சொல்லுகிறது. அது மரக்காணத்தருகே இருந்ததென்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. கிறிஸ்து சகத்தின் முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிவைத்த கடற்குறிப்பில் வரும் சோபட்மா என்ற துறையையும் இங்கேயே காட்டுவோர் உண்டு. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிற்காலத்தில் ஆலம்பரை தலையெடுத்தது: கோட்டை, நாணயச்சாலை, படகுத் துறை. ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் அங்கிருந்து கப்பலேறின. 1750-இல் அது டூப்ளேக்கு அளிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அதன் பெயரைக் காணலாம். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துவிட்டனர். எஞ்சியதில் ஒரு பகுதி 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையில் போயிற்று.

இத்துறைகளெல்லாம் கல் இல்லாமலே நடந்தன. சிறிய மரக்கலங்கள் கழியின் வாய்க்குள் நுழைந்தன. பெரியவை வெளியே நிற்கத் தோணிகள் சென்று சரக்கு ஏற்றின. கப்பல்கள் பருத்தபோது இத்துறைகள் மெலிந்தன. கொச்சியிலும் விசாகப்பட்டணத்திலும் கழியைத் தோண்டிப் பெருந்துறைமுகம் செய்யவில்லையா, மரக்காணத்தில் ஏன் கூடாது என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். கொச்சிக் காயலில் பல நதிகளின் நீர் விழுகிறது. உள்ளே ஆழம் இருந்தது. வாயில் கிடந்த மணல் திட்டை அகற்றுவதே முக்கிய வேலை. அதற்கும் பொறியாளர் பிரிஸ்டோ 1920-இல் வந்து, தோண்டினால் அண்டைக் கரைக்கு என்ன ஆகும் என்பதை முதலில் ஆராய்ந்த பின்னரே கை வைத்தார். முதற் கப்பல் 1928 மே மாதத்தில் நுழைந்தது. 1933-இல் திறந்த விசாகப்பட்டணத்துக்கு மலை துணை. மரக்காணத்துக்குப் பெரிய நதியும் இல்லை, மலையும் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு நீரே உள்ள கழி அது.

இன்றைய விவகாரம்

ஆயினும் மீனவர்களின் குறையை அலட்சியம் செய்ய நாம் ஒருப்படோம். கோடையில் வாய் மேடிட்டால் படகு தட்டுகிறது; அலையில் கவிழ்கிறது; உயிருக்கே அபாயம். விசைப்படகு வைத்திருப்பவர் சென்னைக்கோ கடலூருக்கோ போய்ப் பிழைத்துக்கொள்வார். ஊரோடு கிடக்கும் சிறு படகுக்காரர் எங்கே போவார்? அவர்களுக்காகவே தென்கரையில் அழகன்குப்பத்திலும் வடகரையில் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் அமைக்கத் திட்டம் போட்டதாகச் சர்க்கார் தரப்பில் சொல்லுகிறார்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. திட்டத்தை ஆக்ஷேபித்தவர்களிலும் மீனவர் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்; அது பறவைப் பிரியர்களின் விளையாட்டன்று.

வக்கீல் தொழிலிற் சில வருஷம் உழைத்த நமக்கு இந்த நீர்ப்பரப்பின் சட்ட நிலைமை வேடிக்கையாக இருக்கிறது. 2008 முதல் கழுவெளி ஒரு கப்பல் வழி. 2021 டிசம்பர் முதல் அதில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி, பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டு முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலம். வாயில் மீன்பிடித் துறைமுகத் திட்டம்; ஓரத்தில் உப்பளம்; இடையிடையே இறால் பண்ணை. இறால் பண்ணைகளைப் பற்றி 1996 டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்புச் சொல்லிற்று. அவ்வழக்கைக் கொண்டுபோனவர் நமது சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன். 2005-இல் பார்லிமெண்ட் புதுச் சட்டம் செய்து அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. ஒரே நீருக்கு இத்தனை எஜமானர்கள். ஏரிக்குள் வரப்பு எழும்போது அதைத் தடுக்க ஒருவரும் இல்லை.

கழுவெளியின் ஓரங்களை நிலமாகவும் குளமாகவும் வளைத்துக்கொண்டே போனால், ஏற்றவற்றத்தில் உள்ளே போய் வரும் நீர் குறையும். வாய் மேலும் மேடிடும். அப்பொழுது மீனவர் இன்னும் உரத்த குரலில் கல் கேட்பார். கல்லைப் போட்டால் வடக்கே கடப்பாக்கம் தொடங்கிக் கரை அரிக்கும். ஏரியிற் செய்த குற்றத்துக்குக் கடற்கரையில் தண்டனை. அதுவும் குற்றம் செய்யாதவனுக்கு! ஆகையால் முதல் வேலை கழுவெளிக்கு எல்லைக் கல் நட்டு ஆக்கிரமிப்பை அகற்றுவது; ஓடையைத் தூர்வாருவது. முகத்துவாரத்தில் ஒவ்வொரு வருஷமும் மணலை வாரி, வாரியதை வடகரையிலேயே கொட்ட வேண்டும். இதற்கு வருஷாவருஷம் பணம் ஒதுக்க வேண்டும். ஒரே மூச்சில் கட்டித் திறப்புவிழா நடத்துவதில் மந்திரிகளுக்கு உள்ள உற்சாகம் வருஷாந்தரச் செலவில் இருப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். இவ்வளவும் செய்து பார்த்தும் போதாதென்று பொறியாளர்கள் ருஜுப்படுத்தினால், கல்லைப் பற்றிப் பேசலாம். அப்பொழுதும், தென்புறம் குவியும் மணலை வடபுறம் மாற்றிக் கொட்டும் ஏற்பாடு துறைமுகத்தோடு கூடவே அமைய வேண்டும். அதற்குரிய பணத்தை முன்னதாகவே கட்டிவைக்க வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் கரை போனபின் கல்லடுக்கிய கதையை விழுப்புரம் ஜில்லாவும் செங்கற்பட்டு ஜில்லாவும் மூன்றாம் முறை கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று. இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் வருகிறது. 2006-ஆம் வருஷத்து விதிகளின்படி ஜனங்களின் பாஷையில் கொடுக்கவேண்டியது அதன் சுருக்கம் மட்டுமே. நாம் ஆங்கிலம் கற்றவர்கள். அந்த அறிக்கைகளை நாமே இரண்டு தரம் வாசித்தால்தான் கல் எவ்வளவு தூரம் நீளுகிறது, மணல் எங்கே போகிறது என்று விளங்குகிறது. அழகன்குப்பத்து மீனவர் என்ன செய்வார்? கரை அவருடையது, படகு அவருடையது, அபாயமும் அவருடையது. அறிக்கை மட்டும் அவருக்குப் புரியாத பாஷையில். முழு அறிக்கையும் தமிழில் அச்சாகி, படங்களோடு, மரக்காணம் தாலூகா கச்சேரியிலும் கழியின் இரு கரைகளிலுமுள்ள ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்திலும் விசாரணைக்கு ஒரு மாதம் முன்னதாக வைக்கப்பட வேண்டும். உப்பளத் தொழிலாளிகளையும் அந்த விசாரணைக்கு அழைக்க வேண்டும். ஏனெனில் வாயில் நீர் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் முதலில் முழுகுவதோ வறண்டுபோவதோ அவர்களுடைய பாத்திதான். அளங்களில் வேலை ஓய்ந்து, சுமக்கும் பெண்களும் கூட்டத்துக்கு வரக்கூடிய ஐப்பசி மாதத்தில் அதை நடத்தினால் உத்தமம்.